நெஞ்சில் ஜெல் தடவுகிறவள்

கர்ப்பிணியின் நெஞ்சில் ஜெல் தடவி, கருவியை வைத்து, அவள் இதயத்தைத் திரையில் பார்ப்பது என் தொழில்; சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்கோ டெக்னீஷியன். டோக்கனைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் இடுப்பு ஒடிய உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு ஒரு ஆறுதல்: கதவுக்கு உள்பக்கமும் அதே அவஸ்தைதான்.

தப்பான இடம்

மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த பெண்ணுக்கு எட்டாம் மாசம், அடிக்கடி படபடப்பு. கூட வந்த புருஷன் குழந்தை முகத்தைப் படம் பிடிக்க செல்போனைத் தயாராக வைத்திருந்தார். நான் நெஞ்சிலேயே கருவியை உருட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவர், கிட்ட வந்து, என் மானம் போகக் கூடாதே என்று மெதுவாகச் சொன்னார்: "மேடம், கொழந்த கீழ இருக்கு. நீங்க ரொம்ப மேல தேடறீங்க."

கருவாடு

கடலூர் பக்கத்து மீனவர் குப்பத்துப் பெண். பிரஷர் எகிறி, கால் முகமெல்லாம் வீங்கியிருந்தது. இப்படியே விட்டால் வலிப்பு வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா பயமுறுத்தியே சொன்னார். மாத்திரையை விடக் கூடாது, கருவாடு, ஊறுகாய் கிட்டவே போகக் கூடாது. மீன் விற்கிற மாமியார் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு டாக்டரம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "கடலு பூரா உப்புதான். எந்த மீனுக்கும்மா பிரஷர் வந்துது?"

பலூன்

குமராட்சிப் பக்கத்து ஷகிலாவுக்கு ஆறாம் மாசம். மல்லாந்து படுக்கச் சொன்னேன். படுத்த வேகத்தில் மூச்சு முட்டி எழுந்துவிட்டாள். வீட்டிலும் சுவரில் சாய்ந்தபடிதான் தூக்கமாம். "மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று மாமியார் அலட்சியமாகச் சொன்னார்.

சாய்த்து உட்காரவைத்தே கருவியை வைத்துத் திரையைப் பார்த்தேன். வால்வு ஒன்று சுருங்கி, ரத்தம் போக வழியில்லாமல் திணறிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் மூட்டுவலியோடு வந்த காய்ச்சல் விட்டுப்போன மிச்சம். உடனே பாண்டிச்சேரிக்குப் போய் பலூன் வைத்து விரிக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டரம்மா.

"பலூனா? பொறந்தநாளுக்கு ஊதுவாங்களே, அதா?" என்றார் மாமியார். குவைத்திலிருந்த மகனுக்கு வீடியோ கால் போட்டார். மகனும், "பிரசவம் முடியட்டும், நான் லீவுல வந்து பாத்துக்கறேன்" என்றார். ஷகிலா போனைப் பிடுங்கினாள். மூச்சு வாங்க வாங்கப் பேசினாள்: "நீங்க ஏசி ரூம்ல மல்லாந்து தூங்குங்க. நான் இன்னிக்கே போறேன்."

தூக்கம்

போனாள். மாமியாரும் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே கூடப் போனார். பலூன் வால்வைத் திறந்தது. பிரசவமும் பத்திரமாக முடிந்தது. மறு பரிசோதனைக்கு வந்தபோது, நான் சொல்வதற்கு முன்னாலேயே மல்லாந்து படுத்தாள். மாமியார் மடியில் பிள்ளை அறையே அதிரக் கத்தினான். மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "மூச்சு நல்லாருக்கு மேடம். இவன் வாயை மூட ஏதாவது வால்வு இருக்கா?"

இதயத்துக்கு நாலு அறை என்று படிப்பில் சொல்லிக் கொடுத்தவர்கள், ஒரு கர்ப்பிணியோடு அவள் குடும்பமே வந்து நிற்கப்போகும் என் அறையைப் பற்றி மூச்சு விடவில்லை.