சாம்பிராணிப் புகையும் அப்பாவின் இளைப்பும்

கும்மிடிப்பூண்டியில் உள்ள எங்கள் வீட்டில், வெள்ளிதோறும் எண்ணெய்க் குளியலுக்குப் பின் கூந்தலுக்குச் சாம்பிராணி காட்டுவது வழக்கம். சென்ற மாதம் தங்கைக்கு நான் காட்டியபோது அவள் மூச்சுக்குத் தவித்தாள். உதடுகள் நீலம் பாரித்தன. ஆட்டோவில் மருத்துவரிடம் விரைந்தோம். ஊசி போட்ட பிறகே மூச்சு மெல்லச் சீரானது.

"இதே புகையில்தானே நானும் வளர்ந்தேன், டாக்டர்?" என்றேன்.

"கூடப் பொறந்தவங்களுக்கே நோய் எதிர்ப்பு மரபணு வேற வேற மாதிரி அமையும்மா. குடும்பத்துல யாருக்காவது இளைப்பு உண்டா?"

"யாருக்கும் இல்ல சார்," என்றார் அம்மா.

அப்பா தயங்கினார். "எனுக்கு சின்ன வயசுல இருந்துச்சி சார். ரெண்டு பொண்ண வச்சிக்கினு வெளிய சொன்னா எவன் கட்டுவான்?"

"எங்கிட்ட கூடவா மறைச்சிக்கினு இருந்த?" என்றார் அம்மா.

இப்போது தங்கையின் கூந்தலை வெயிலில்தான் உலர்த்துகிறோம். நான் அதிகம் பேசாதவள். ஆயினும், என்னைப் பெண் பார்க்க வருபவர்களிடம், காப்பி தருவதற்கு முன்பே அப்பாவின் இளைப்பைச் சொல்லிவிடுகிறேன்.