பெரியக்காவின் உப்பு டப்பா

மில்லின் பின்வாசலை ஒட்டி எங்கள் கேண்டீன். இப்போதும் அது நடக்கிறது, முட்டி வலியால் நான்தான் போவதில்லை. ஆனாலும் மத்தியானச் சங்கு ஊதும் நேரம் வந்தால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற என் கை தானாகக் கரண்டியைத் தேடும். கூடவே பெரியக்காவும் வந்துவிடுவாள். அவள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அதனால் என்ன, வருவாள்.

பெரியக்கா என் வீட்டுக்காரரின் அண்ணி, எனக்கு ஓரகத்தி. அண்ணனும் தம்பியும் சந்தையையும் கல்லாவையும் பார்த்துக்கொள்ள, அடுப்படி முழுக்க அவள் ராஜ்ஜியம். அரிவது, வதக்குவது, கிண்டுவது எல்லாம் நாங்கள் நாலு பெண்கள். உப்பு போடுவது மட்டும் அவள். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் உப்பை நிரப்பி, அவள் கைக்கு மட்டும் எட்டுகிற பலகையில் வைத்திருப்பாள். நானோ குள்ளச்சி.

"உப்பு வேணும்னா ஏணி வேணும், ஏணி வேணும்னா அக்கா தயவு வேணும்" என்று நான் சொன்னால் அடுப்படியே சிரிக்கும்.

"உன் வாயை வித்தாலே இன்னும் ரெண்டு கேண்டீன் வைக்கலாம்டி" என்பாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், டப்பா மட்டும் கீழே இறங்காது.

சங்குக்கு முன்னால் ஒவ்வொரு பாத்திரமாக வருவாள். உப்பை அள்ளிப் போட்டுக் கிளறி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவாள். நாக்கைச் சொடுக்கினால் மூடி போடலாம். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டோம். அவள் பார்த்ததை நாங்கள் பார்ப்பதாவது! உள்ளுக்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்த நாளிலிருந்து வெங்காயம் உரித்து உரித்துக் கண் போனது எனக்கு, ஒரு சிட்டிகை உப்புக்கு எனக்கு அருகதை இல்லையா?

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் கடுமையான காய்ச்சல். படுத்திரு என்றால் கேட்கிற ஆளா? உடம்பு சரியாகத் தேறும் முன்பே வந்து நின்றாள். வழக்கம்போல உப்பு போட்டாள், நக்கினாள், நாக்கைச் சொடுக்கினாள். நாங்களும் மூடி போட்டு அனுப்பினோம்.

கொஞ்ச நேரத்தில் மில் மேஸ்திரி தட்டோடு வந்தார்.

"என்னம்மா, கடல் தண்ணியிலயா சமைச்சீங்க? ஒருத்தனாலயும் வாயில வைக்க முடியல."

மறுநாள் பயத்தில் கையைச் சுருக்கினாள் போல, எல்லாம் சப்பென்று போனது. மேஸ்திரி திரும்பவும் வந்தார். இந்தத் தடவை கத்தவில்லை.

"நாளைக்கும் இப்படின்னா கேண்டீனை வேற ஆளுக்குத்தான் விடணும். ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. தப்பா நினைக்காதீங்க."

இந்தக் கேண்டீனை விட்டால் எங்கள் ரெண்டு குடும்பத்துக்கும் வேறு பிழைப்பு கிடையாது. அக்காவைத் தேடினேன். சாமான் அறையில், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து உப்புக் கல்லை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"மண்ணு மாதிரி இருக்குடி. காய்ச்சல்ல இருந்தே எதுவுமே தெரியல."

"ஐயோ அக்கா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லிட்டா அப்புறம் இங்க நான் எதுக்குடி?"

அத்தனை வருஷமும் நான் வயிறு எரிந்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியில் கரைந்து போனது. முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

மறுநாள் பலகையிலிருந்து டப்பாவை இறக்கி என் கையில் வைத்தாள்.

"எவ்வளவுக்கா போடணும்?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும், கைதான் போட்டுச்சு. நீ போட்டு, வாயில வச்சுப் பாரு. நான் இங்க நின்னா உன்னைப் போட விடமாட்டேன்."

சொல்லிவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ரெண்டு தடவை எழுந்தாள். ரெண்டு தடவையும் தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

டப்பாவைத் திறந்தேன். கொஞ்சம் போட்டேன், ருசி பார்த்தேன், இன்னும் கொஞ்சம் போட்டேன். நம்பிக்கை வரவில்லை. மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டேன். அந்த அடுப்படியில் எல்லோரும் உள்ளங்கையை நீட்டி ருசி பார்த்தது அன்றைக்குத்தான். ஒருத்தி போதும் என்றாள், இன்னொருத்தி காணாது என்றாள், சண்டை பிடித்து ஒரு வழியாக மூடி போட்டோம்.

சங்கு ஊதி அடங்கியது. மேஸ்திரி வரவில்லை. பாத்திரங்கள்தான் வந்தன, வழித்துத் துடைத்த மாதிரி.

எங்களுக்கென்று எடுத்து வைத்ததில் அக்காவுக்குத் தட்டு போட்டுக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். பிசைந்து சாப்பிட்டாள். சந்தோஷத்தில் எனக்குப் புத்தி எங்கே போனதோ, "உப்பு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. வாய்க்கு மண்ணாகத் தெரிந்த சோற்றைத்தான் அப்படி வழித்துத் தின்று முடித்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுடி" என்று தட்டை நீட்டினாள்.