கையெழுத்துப் போட்டவர்

பிஎஃப் அலுவலகத்தில், அதிகாரி நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்ற முதலாளியம்மாவின் முகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். குரோம்பேட்டையில் அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தமான தோல்பைப் பட்டறையில் நான் தையல் வேலை பார்த்தேன். மாதாமாதம் எங்கள் சம்பளத்தில் பிஎஃப், பென்ஷன் என்று ஒரு தொகையைப் பிடிப்பார்கள். முதலாளி மாரடைப்பில் இறந்த பிறகுதான், அந்தப் பணம் பல வருடங்களாகக் கட்டப்படவே இல்லை என்று தெரிந்தது. நாங்கள் புகார் கொடுத்தோம். முதலாளியம்மா பெயருக்குத்தான் பங்குதாரர். பட்டறைக்குள் கால் வைத்ததுகூட இல்லை. ஆனாலும் பட்டறையால் கட்ட முடியாவிட்டால் அவருடைய சொந்தச் சொத்திலிருந்தே வசூலிக்க வேண்டிவரும் என்றார் அதிகாரி.

கணவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன், வேறெதுவும் தெரியாது என்று சொல்லும்படி முதலாளியம்மாவுக்கு அவருடைய அண்ணன் சொல்லிக்கொடுத்து அழைத்து வந்திருந்தார். முதலாளியம்மா அதைச் சொல்லவில்லை.

“படிக்காமத்தான் போட்டேன் சார். ஆனா போட்டது நான்தானே? இவங்க காசுலயும்தான் எங்க வீட்ல சோறு பொங்கியிருக்கு. தவணை குடுங்க, கட்டிடறேன்.”

சண்டை போடத் தயாராகப் போயிருந்த நாங்களே அவருக்குத் தவணை கொடுக்கும்படி அதிகாரியிடம் கேட்டோம்.

சேலையூரில் இருந்த தன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மகளோடு பட்டறை மாடியில் ஒற்றை அறைக்குக் குடிவந்தார். தொழிலை ஒன்றுமே அறியாதவர், எங்களோடு உட்கார்ந்து நூல் வெட்டுவதிலிருந்து தொடங்கினார். கடைகடையாக ஏறி ஆர்டர் பிடித்தார். ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்க எங்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். எப்போது அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தோம் என்று எங்களுக்கே தெரியாது. வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்துக் கட்டி முடிக்கச் சில வருடங்கள் ஆயின. அதன் பிறகுதான் தன் வீட்டுக்குத் திரும்பினார்.

போன மாதம் எனக்கு முதல் பென்ஷன் வந்தது. சொல்வதற்காகச் சேலையூருக்குப் போனேன். எவ்வளவு என்று கேட்டார். சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

“இவ்ளோதானா? இதுக்கா அந்தப் பாடுபட்டோம்?”

“மாத்திரைக்கும் பாலுக்கும் போதும்க்கா. மருமவகிட்ட கை நீட்ட வேணாம்.”

அக்கா, மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு டம்ளர் அரிசி களைய எழுந்து போனார்.