கன்ட்ரோல் பிளாட்டைப் பட்டினி போடாத மாரிமுத்து

1. இரண்டு போர்டு

வேளாண்மைத் துறையில் இருந்த காலத்தில், பயிர் நன்றாக வந்ததற்காக நான் மெமோ வாங்கியது ஒரே ஒரு முறைதான்.

பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே கடலோரத்தில் மாரிமுத்துவுக்கு ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம். மண்ணில் உப்புப் பூத்து, இரண்டு வருடமாக நட்டதெல்லாம் நுனி கருகிச் செத்தது. "இந்த வாட்டியும் பொய்ச்சா இறால் குட்டைக்கு விட்டுடுவோம்" என்று அவர் தம்பி கெடு வைத்திருந்தார். குட்டை வெட்டினால் அப்புறம் அது நெல் வயலாகத் திரும்பாது.

உப்பைத் தாங்க வேருக்கு உதவும் பாக்டீரியா, அவர் வயலில் சோதித்துப் பார்க்க எங்கள் துறைக்குப் பாட்டிலில் வந்திருந்தது. தண்ணீரில் கலந்து, நாற்றின் வேரை அரை மணி நேரம் முக்கி வைத்து நட வேண்டும். பாதி வயலுக்கு மட்டும்தான். மறுபாதி கன்ட்ரோல் பிளாட். அதற்கு ஒன்றும் இடாமல் விட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

மாரிமுத்துவின் முகம் வாடிவிட்டது. "ஏன் மேடம், ஒரே பந்தியில பாதிப் பேருக்குச் சோறு, பாதிப் பேருக்கு வெறும் இலையா?"

"ட்ரயல்னா அப்படித்தாங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, 'இட்டது', 'இடாதது' என்று இரண்டு போர்டு நட்டு, மீட்டிங்குக்கு ஓடினேன். தப்பு என்னுடையதுதான்.

2. வயல் விழா

எங்கள் இணை இயக்குநர் ஜே.டி. சார் வந்தார். இரண்டு பாதியும் ஒரே உயரம், ஒரே பச்சை. அந்த உப்பு மண்ணில் அப்படியொரு பயிர்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சார் இரண்டு போர்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வித்தியாசமே இல்லையேம்மா. பாக்டீரியா வேஸ்ட்னு எழுதிடலாமா?"

அப்படி எழுதினால் அடுத்த போகத்துக்கு பாட்டில் வராது. மாரிமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எல்லா நாத்தையும் ஒரே தொட்டியிலதாங்க முக்குனேன். மேடம் கோவிச்சுக்குவாங்கன்னு சொல்லல."

"ஏங்க அப்படிப் பண்ணீங்க?" என்றார் சார்.

"பசிக்குதுன்னு தெரிஞ்சப்புறம் எப்படிங்க சும்மா இருக்கறது?"

படிவத்தில் பசிக்குக் கட்டம் இல்லை. கன்ட்ரோல் பிளாட்டைக் காக்கத் தவறியதாக எனக்கு மெமோ வந்தது. இன்னொரு போகம் ஒழுங்காகச் செய்து காட்டச் சொன்னார் சார். இன்னொரு போகம் பொறுப்பதாகத் தம்பியும் சொன்னார்.

3. பங்காளி வயல்

இம்முறை உஷாரானேன். பக்கத்து வயலையே கன்ட்ரோல் பிளாட்டாகப் பிடித்தேன். அது மாரிமுத்துவின் பங்காளி செல்வராசுவுடையது. வரப்புத் தகராறில் நாலு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இதைவிடப் பத்திரமான கன்ட்ரோல் பிளாட் எங்கே கிடைக்கும் என்று உள்ளூர மகிழ்ந்தேன். கடைசி நாற்று முடி நடும்வரை வெயிலில் நின்று காவலும் காத்தேன்.

மூன்றாம் வாரம் சொல்லாமல் போய் இறங்கினேன். செல்வராசுவின் பயிர் நுனி கருகத் தொடங்கியிருந்தது. அதன் நடுவே மாரிமுத்து, தன் வயலுக்கென்று நான் கொடுத்த பாட்டிலில் மீதம் பிடித்ததைத் தொழு உரத்தில் கலந்து, கூடையிலிருந்து அள்ளித் தூவிக்கொண்டிருந்தார். செல்வராசு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு வரப்பில் நின்றார்.

"அது கன்ட்ரோல் பிளாட்டுங்க!" என்று கத்தினேன்.

"கோவம் அவன் மேலதான் மேடம். பயிரு என்ன பண்ணுச்சு?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வேறு வழியில்லாமல் கருகிய நுனிகளைப் போட்டோ எடுத்தேன். ஒரு மாதம் கழித்து, தேறிய அதே பயிரையும் எடுத்தேன். இரண்டையும் காட்டித்தான் ஜே.டி. சாரிடம் அடுத்த போகத்துக்கு பாட்டில் வாங்கினேன். மாரிமுத்துவின் வீட்டில் இறால் பேச்சு நின்றது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எங்கள் பக்கத்தில் கன்ட்ரோல் பிளாட் வேண்டுமென்றால் ஆளில்லாத தீவில் போடுங்கள்.

அன்று கருகிய நுனிகளை நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, செல்வராசு தலையைத் திருப்பாமலே என்னிடம் சொன்னார்:

"மேடம், சனி மூலையில இன்னும் எரு விழலேன்னு அந்தாளுகிட்டச் சொல்லுங்க."

அந்த ஆள் பத்தடி தூரத்தில்தான் நின்றார். நான் சொன்னேன்.