ஷகிலாவின் முகம் கறுத்த வருஷம்

அந்த வியாழக்கிழமை ஷகிலா மருந்து வாங்க வரவில்லை. எண்பதுகளின் நடுவில் செஞ்சியில், தொழுநோய்ப் பிரிவில் நான் பாராமெடிக்கல் ஒர்க்கர். மூன்று மருந்து சேர்ந்த கூட்டு சிகிச்சை எங்கள் பக்கம் வந்த புதிது. மாதம் ஒரு டோஸை எங்கள் எதிரில் விழுங்க வைத்து, மீதியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம்.

சைக்கிளில் அவள் வீட்டுக்குப் போனேன். பஜாருக்குப் பின்தெருவில் ஜாக்கெட் தைப்பவள். கணவர் யூசுப் சைக்கிள் கடை வைத்திருந்தார். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். மாதாமாதம் முக்காட்டோடே வந்து போனதால் அதுவரை நான் கவனித்திருக்கவில்லை; துணி விலகியபோதுதான் பார்த்தேன். ஆறே மாதத்தில் முகம் செம்பழுப்பாகிக் கறுத்திருந்தது. தையல் மிஷின் மேல், தோலை வெளுக்கப் பூசும் ஒரு ஹைட்ரோகுவினோன் கிரீம் டியூப், பாதி பிதுக்கியது.

“மாத்திரை சாப்டறியாம்மா?”

“இல்ல சார். அந்த செவப்பு மாத்திரய நிறுத்தி ஒரு மாசமாவுது. துணி குடுக்க வர்றவங்கல்லாம் ‘இன்னா ஷகிலா, மூஞ்சி இப்டி ஆயிடுச்சி’ன்னு கேக்குறாங்க. மெடிக்கல்ல இத்த பூசச் சொன்னாங்க. பூசியும் போவல.”

தப்பு என்னுடையது. அந்தச் சிவப்பு மாத்திரை, க்ளோஃபாசிமின், தோலைக் கறுக்க வைக்கும் என்பது எனக்குத் தெரியும். சொன்னால் சாப்பிட மாட்டார்களோ என்று சொல்லாமல் விட்டிருந்தேன். அதை அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

“தோல் தானா உண்டாக்குற கறுப்பத்தாம்மா இந்த கிரீம் கொறைக்கும். மங்குக்கு டாக்டருங்க எழுதுவாங்க. உனக்கு வந்திருக்கறது மருந்தோட சாயம். அதுக்கு பூச்சு கெடையாது. கோர்ஸ் முடிஞ்சா மெல்ல வெளுக்கும். வருஷம்கூட ஆவும்.”

அவள் அழுதாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த யூசுப் கை கழுவிவிட்டு வந்து, அவள் வலது கையைத் திருப்பிக் காட்டினார். கட்டைவிரலில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு.

“இது சுட்டப்போ இவளுக்கு தெரியவே இல்ல சார். கருகின வாசன வந்து நான்தான் ஓடியாந்தேன். எனக்கு அந்த பயம்தான். ஷகிலா, நீ கறுத்தா இன்னா? நான் மட்டும் செவப்பாவா இருக்கறேன்?”

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. “கேக்குறவங்களுக்கு நான் இன்னா சொல்றது?”

“ஒடம்புக்கு மருந்து சாப்டறேன்னு சொல்லு. மேல கேட்டா என்னாண்ட வரச் சொல்லு” என்றார் யூசுப்.

நான் கொண்டுபோயிருந்த அந்த மாத டோஸை அப்போதே விழுங்கினாள். தோல் வறண்டு உரிவதற்குத் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னேன். அதை தினமும் யூசுப்தான் தடவிவிட்டார் என்று பின்னால் அவளே சொன்னாள்.

கோர்ஸ் முடிந்து ஒன்றரை வருஷத்தில் நிறம் திரும்பியது. கட்டைவிரலில் உணர்ச்சி முழுதாக வரவில்லை. மற்ற விரல்கள் தப்பின.

அதற்குப் பிறகு யாருக்கு அந்த மருந்தைக் கொடுத்தாலும், நிறம் மாறும் என்பதை முதலில் சொல்லிவிடுவேன். புதிதாக வந்த ஒரு பெண் அதைக் கேட்டு எழுந்து போய்விட்டாள். இதை ஷகிலாவிடம் சொன்னபோது, “அடுத்த தபா கூப்புடுங்க சார், நான் வந்து பேசறேன்” என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை அவளே வந்தாள். அந்தப் பெண்ணையும் சமாதானம் செய்து வரவழைத்திருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்து, முக்காட்டைத் தள்ளிவிட்டு, “நல்லா பாரு” என்றாள் ஷகிலா.