கையை எடுங்க சார்

விங் கமாண்டர் வெள்ளியங்கிரியின் பேரைச் சொன்னாலே நெருப்பெரிச்சல் ஊரில் ஒரு சிரிப்பு எழும். இமயமலைக்கு மேலே சரக்கு விமானம் ஓட்டிய மனுஷன், பனியன் கம்பெனி வண்டிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்டப் பயந்து கடைக்கு நடந்தே போவார். "ஆகாசத்துல எதுத்தாப்பல லாரி வராதுல்லீங்க" என்று அவர் மனைவி தெய்வாத்தாளே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

விமானப்படையில் ஓய்வுபெற்று வந்தவரைத் தம்பி தன் கம்பெனிக்கு மேனேஜராகக் கூப்பிட்டார். கேட்பாரா? பல்கலைக்கழகத்தில் விமானம் ஓட்டப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளராகப் போய்ச் சேர்ந்துகொண்டார். அங்கிருந்த பழைய விமானப்படைக்காரர்களில் இவர்தான் பெரிய சிடுமூஞ்சி. ஆனால் பிள்ளைகள் யாராவது சாப்பிடாமல் வந்தால் தன் டிபன் பாக்ஸை நீட்டிவிட்டுத்தான் திட்டவே ஆரம்பிப்பார்.

அவருக்குத் தலைவலியாக வாய்த்தவள் ஷாஸியா, பனியன் வியாபாரி முகமது ரபீக்கின் மகள். அலுங்காமல் குலுங்காமல் விமானத்தை இறக்குவாள். ஆனாலும் தனியாகப் பறக்க அவர் விடவில்லை. எல்லாம் அவளுடைய பாழாய்ப்போன மரியாதையால்தான். வேண்டுமென்றே ஏதாவது தப்புச் செய்து பார்ப்பார்; அவள் கவனிப்பாள், வாயைத் திறக்க மாட்டாள்.

"ஏன் கண்ணு சொல்லல?"

"நீங்க பெரியவங்க... எப்படீங்க சார் சொல்றது?"

"பிளேன் கீழ விழுந்தா, பெரியவன் சின்னவன்னு பாத்தா விழும்?"

வகுப்பில் மற்ற எல்லோரும் தனியாகப் பறந்துவிட்டார்கள். அந்த மாதத்துக்குள் அவளும் பறக்காவிட்டால் ஒரு வருஷம் பின்தங்க வேண்டியதுதான். வெள்ளியங்கிரிக்குச் சோறு இறங்கவில்லை.

"பாவமுங்க அந்தப் புள்ள, உட்டுருங்க" என்றார் தெய்வாத்தாள்.

"எப்படி உடறது? மேல ஏதாச்சும் ஆனா, வயர்லெஸ்ல உதவி கேக்கக்கூடக் கூச்சப்பட்டுட்டு உக்காந்திருப்பா."

அது ஐப்பசி. காற்று திசை மாறும் காலம். விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். பின்னாலிருந்து காற்று தள்ளினால் ஓடுதளம் போதாது. அன்று வெள்ளியங்கிரியே ஓட்டி, இறங்குவது எப்படி என்று பேசிக்கொண்டே காட்டிக்கொண்டிருந்தார். கீழே கம்பத்தில் கட்டியிருந்த காற்றுப்பை மறுபக்கம் திரும்பியிருந்ததை ஷாஸியா பார்த்தாள்.

"சார், காத்து திரும்பிருச்சுங்க."

அவர் பேச்சு நிற்கவில்லை. தரை நெருங்கியது.

"கைய எடுங்க சார்! எடுங்கன்னு சொல்றேன்ல!"

விமானத்தைத் தன் கைக்கு வாங்கி, முழு வேகம் கொடுத்து மேலே ஏற்றினாள். ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்ப்பக்கமிருந்து பதமாக இறக்கினாள். நின்றதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கத்திட்டனுங்க சார், மன்னிச்சிருங்க. டெஸ்ட்டுன்னு தெரிஞ்சுதானுங்க, அந்தத் தைரியத்துலதான்..."

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், கௌரவம் பிழைத்திருக்கும். வெள்ளியங்கிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டெஸ்ட் இல்ல கண்ணு. நெசமாவே நான் பாக்கல."

அவர் பெல்ட்டை அவிழ்த்துக் கீழே இறங்கினார்.

"போ. ஒரு சுத்துச் சுத்தி இறக்கிட்டு வா."

"நீங்க வரலீங்களா சார்?"

"பக்கத்துல ஆள் இப்ப எனக்குத்தான் வேணும். உனக்கு வேண்டாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.