வாய் கழுவும் வேலை

காது கேளாதவர்களுக்காகத் தொலைக்காட்சியின் அடியில் எழுத்துகள் ஓடுகின்றனவே, அவற்றை யாரோ ஒருவர் உட்கார்ந்து அனுப்புகிறார் என்று பலருக்குத் தெரியாது. இரண்டு வருடம் அந்த யாரோ நான்தான். பாரிசில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் ஜன்னல் இல்லாத சிறிய அறை. காதில் ஹெட்போன், வாய்க்கு முன்னால் மைக். வர்ணனையாளர் ஒரு வாக்கியத்தை முடித்து அடுத்ததைத் தொடங்குவதற்குள் நான் அதைத் தெளிவாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். என் குரலைக் கணினி எழுத்தாக்கும். பிழை இருந்தால் திருத்துவதும் நான், அனுப்பும் விசையை அழுத்துவதும் நான். இந்த வேலை செய்கிறவரைப் பிரெஞ்சுக்காரர் கிளி என்றுதான் சொல்வார்கள்.

வேலைக்கான தேர்வுக்கு என்னைவிட நல்ல பிரெஞ்சுப் பெயர் உள்ளவர்கள் பலர் வந்திருந்தார்கள். உச்சரிப்பில் நான் முதலாவதாக வந்தேன். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. சின்ன வயதிலிருந்தே விசா கொடுக்கும் பிரிஃபெக்சர் அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் வீட்டுக்காரனிடமும் அப்பா அம்மாவுக்காகப் பேசியவள் நான். கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் ‘என்ன?’ என்று இரண்டாம் தடவை கேட்கக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு சொல்லையும் துலக்கித் துலக்கிப் பேசப் பழகினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான். இதைப் பணிவாகச் சொல்ல எனக்கு வராது.

வேலையில் ஒரு விதி உண்டு. பேசுகிறவரின் திக்கல், இழுவல், தேவையில்லாத சிரிப்பு, நாக்குத் தவறி வந்த சொல் எல்லாவற்றையும் நீக்கி, வாக்கியத்தை மட்டப்படுத்தித்தான் அனுப்ப வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. அதனால்தான் அந்த வர்ணனையாளரை என்னிடம் கொடுத்தார்கள்.

அவர் பழைய ஆட்டக்காரர். அறுபதைத் தாண்டியவர். இறகுப்பந்தும் மேசைப்பந்தும் அவருடைய பொறுப்பு. அந்த ஆட்டங்களில் யார் வெல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே நாள் முழுக்க அவர் பேசியது ஆசிய நாட்டு ஆட்களைப் பற்றித்தான். “இவர்களை ஒரே தொழிற்சாலையில் வார்க்கிறார்கள். ஒன்றின் திருகாணி கழன்றால் அடுத்ததைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்” என்பார். நான் ‘ஆசிய அணிகளின் பயிற்சி ஒரே சீரானது’ என்று அனுப்புவேன். “இரண்டில் எது எது என்று என்னைக் கேட்காதீர்கள், குட்டையாக இருப்பது வெல்கிறது” என்பார். நான் வெல்கிற பெண்ணின் பெயரைத் தேடி, எழுத்துப் பிழையில்லாமல் போடுவேன். ஒரு கொரியப் பெண் தோற்றுவிட்டு அழுதபோது, “அட, இதற்கு அழவும் தெரிகிறதே” என்றார். ‘உருக்கமான தருணம்’ என்று போனது.

என் அம்மா விடியற்காலையில் அலுவலகங்களின் கழிப்பறைகளைத் துடைக்கிறார். நான் பட்டம் வாங்கி வந்து அந்த மனிதருடைய வாயைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இளவேனிலில் ஒரு பெரிய இறகுப்பந்துப் போட்டி வந்தது. கால் இறுதியில் தெற்காசியாவிலிருந்து வந்த ஒரு பெண் ஆடினாள். எங்கள் நிறம். வலைக்கு அருகே பந்தைத் தட்டுவதில் அவளுக்கு நிகர் இல்லை. அரங்கமே வாய் பிளந்து பார்த்தது. அவர் சொன்னார்: “அந்த மணிக்கட்டைப் பாருங்கள். எத்தனை மேசையில் ரோஜாப்பூ நீட்டிப் பழகியதோ.”

அப்பா பாரிசுக்கு வந்த புதிதில், விசா இல்லாத காலத்தில், உணவகங்களின் வாசல் மேசைகளில் ரோஜா விற்றவர். அதைப் பற்றி அவர் வீட்டில் பேசுவதே இல்லை. இன்றைக்கும் பூக்கடையைக் கடக்கும்போது வீதியின் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடப்பார். அது எனக்குள் ஒரு கணம் வந்து போனது. ஆனால் வாய் பழகிவிட்டது. ‘மிக நெகிழ்வான மணிக்கட்டு’ என்று அனுப்பினேன்.

வேலை முடிந்து, எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் இறங்கி, அப்பா வேலை செய்யும் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். அங்கே தொலைக்காட்சிக்கு எப்போதும் ஒலி கிடையாது. முதலாளி அண்ணை பாட்டுப் போட்டிருப்பார், படத்துக்கு அடியில் என் எழுத்து ஓடும். அன்று காலை நடந்த ஆட்டத்தைத்தான் மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் திரையில் எதிரே ஆடிய சீனப் பெண்ணைக் காட்டி, “உவளவை எல்லாம் ஒரே அச்சு” என்றார்.

“உன்னையும் என்னையும் மெத்ரோவிலை விசா செக் பண்ணுறவன் பிரிச்சுப் பாக்கிறானோ?” என்றார் முதலாளி அண்ணை. “கதையை விட்டிட்டுச் சாப்பிடு.” பிறகு என்னைக் கண்டு, “கிளி வந்திட்டுது. ரோல்ஸ் இருக்கு, சூடாத்தான்” என்றார்.

அப்பா சமையலறையிலிருந்து ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஊரில் அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பிரெஞ்சு வாசிக்கப் பழகியது நான் இந்த வேலைக்குப் போன பிறகுதான், என் எழுத்தைப் பார்த்துத்தான். விரலை முன்னால் நீட்டி ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி வாசித்தார்.

“நெகிழ்வான மணிக்கட்டு எண்டு போட்டிருக்கு, என்ன? இவன் நல்லவன் பிள்ளை. எங்கடை ஆக்களைப் பற்றி ஒரு நாளும் மரியாதை இல்லாமல் கதைச்சதை நான் காணேல்லை. நீ குடுத்து வைச்சனி, உப்பிடி ஒரு மனுசனோடை வேலை செய்ய.”

என் கையில் இருந்த ரோல்ஸை நான் சாப்பிடவில்லை. அந்த மனிதர் என் அப்பாவைக் கேலி செய்தார். நான் அந்தக் கேலியைக் கழுவித் துடைத்து, அப்பாவின் பாராட்டை வாங்கி அந்த மனிதருக்கே கொடுத்திருந்தேன். அன்றிரவே முடிவு செய்துவிட்டேன். இனி அவர் சொல்வதை மட்டும்தான் சொல்வேன். ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை.

அதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். அந்த மாதம்தான் என் தற்காலிக ஒப்பந்தம் முடிந்து நிரந்தர ஒப்பந்தம் வர இருந்தது. சே-தே-ஈ என்று எங்கள் வீட்டில் அதைச் சாமி பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். அது இருந்தால்தான் புறநகரான ஸ்தேனில் பார்த்து வைத்த இரண்டறை வீட்டை எங்களுக்குத் தருவார்கள். அதுவரை மூன்று பேரும் ஒரே அறையில்தான்.

அரை இறுதியில் அந்தத் தெற்காசியப் பெண்ணுக்கும் ஒரு கொரியப் பெண்ணுக்கும் ஆட்டம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு புள்ளிக்காக நீண்டு போன ஆட்டம் முடிந்ததும் வர்ணனையாளருக்கு உற்சாகம் வந்தது. “இந்தப் பக்கம் ரோஜா விற்கிறவள், அந்தப் பக்கம் நூடுல்ஸ் கடைக்காரி. இரவுச் சாப்பாட்டுக்கு நமக்குக் கவலையே இல்லை.” பக்கத்தில் இருந்த இளைய வர்ணனையாளர் சிரித்தார். பெரியவர் இன்னும் ஊக்கமாகி, கொரியப் பெண்ணின் பெயரை மூக்கால் இழுத்து இழுத்துச் சொன்னார்.

நான் முழுவதையும் சொன்னேன். காது கேளாதவர்களுக்குச் சத்தங்களையும் அடைப்புக்குறிக்குள் தெரிவிக்கலாம் என்பது எங்கள் விதிதான். ஆகவே ‘(இருவரும் சிரிக்கிறார்கள்)’ என்று போட்டேன். ‘(பெயரை மூக்கால் சொல்லிப் பரிகசிக்கிறார்)’ என்று போட்டேன். விசையை அழுத்தினேன். குரலில் போனது காற்றோடு போய்விடும், ஆனால் எழுத்து திரையில் நின்றது. உடற்பயிற்சி நிலையங்களிலும் மதுக்கடைகளிலும் ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறைகளிலும் ஒலி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ திரைகளில் அது நின்றது. ஆட்டம் முடியும் முன்பே ஆட்கள் படம் எடுத்துப் பரப்பத் தொடங்கிவிட்டார்கள்.

மெத்ரோவில் இருக்கும்போது என் மேலாளர் அழைத்தார். நல்ல பெண்மணி. என்னை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான்.

“மென்பொருள் குழம்பிவிட்டது, அப்படித்தானே?” என்றார்.

“இல்லை.”

“நான் கேள்வி கேட்கவில்லை, மத்மசேல். தானியங்கி எழுத்தில் பிழை என்று சேனல் அறிக்கை விட்டாயிற்று. நாளைக் காலை கூட்டம். வர்ணனையாளரும் வருவார். மென்பொருள் பிழை என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம்.”

கடைக்குள் போனபோது தொலைக்காட்சியை நிறுத்தியிருந்தார்கள். முதலாளி அண்ணை என்னைப் பார்த்துப் பகிடி ஒன்றும் விடவில்லை. அப்பா சமையலறை வாசலில் நின்றார்.

“உவன் உண்மையா உப்பிடிச் சொன்னவனோ?”

“ஓம் அப்பா.”

“முந்தியும்?”

“ஓம். நான்தான் மாத்தி மாத்திப் போட்டனான்.”

அவர் ஏப்ரனின் நுனியை முறுக்கினார். மேலாளர் சொன்னதை நான் சொன்னேன்.

“அப்ப மெசின் பிழை எண்டே சொல்லு, பிள்ளை” என்றார். “எனக்கு உதெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு. ரோசா எண்டு சொன்னா நான் என்ன செத்தே போகப் போறன்? வீட்டை நினை. துடைச்சுத் துடைச்சுத் தேஞ்ச அம்மான்ரை முழங்காலை நினை.”

“நினைச்சுத்தான் செய்தனான்.”

“படிச்ச ரோசம்” என்றார் அவர். அது வசவா புகழ்ச்சியா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. சமையலறைக்குள் திரும்பிப் போனார்.

மறுநாள் கூட்ட அறையில் மேலாளர், சேனலிலிருந்து ஓர் இயக்குநர், அந்த வர்ணனையாளர். அவரை நேரில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அவருக்கு என்னைத் தெரியாது. எழுந்து கை கொடுத்தார். “உங்கள் இயந்திரம் என் வாயில் ஒரு நாவலையே திணித்துவிட்டதே” என்று சிரித்தார். இயக்குநரும் சிரித்தார். மேலாளர் என்னைப் பார்த்தார்.

நான் அந்த வாக்கியங்களைச் சொன்னேன். அவருடைய வேகத்தில் சொன்னேன். அவர் எங்கே மூச்சு எடுப்பார், எந்தச் சொல்லை அழுத்துவார், சிரிப்பு வரும் முன்பு தொண்டையில் என்ன சத்தம் வரும், எல்லாம் இரண்டு வருடமாக என் காதுக்குள் இருந்தவை. மூக்கால் இழுத்த அந்தப் பெயரையும் சொன்னேன். பிறகு கேட்டேன்: “இதில் எந்தச் சொல் உங்களுடையது இல்லை, மிஸ்யூ?”

அவர் மேசையைப் பார்த்தார். “அது ஒரு வேடிக்கை” என்றார்.

அவ்வளவுதான். இயந்திரப் பிழை என்ற அறிக்கை அந்த ஒரு சொல்லில் செத்தது. இயக்குநரின் முகம் மாறியதை நான் அனுபவித்துப் பார்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தொழிற்சாலை, திருகாணி, குட்டை, அழத் தெரிந்தது என்று, மட்டப்படுத்தி அனுப்பிய ஒவ்வொன்றையும் அவர் சொன்னபடியே சொல்லத் தொடங்கினேன். அவருடைய கழுத்து சிவந்தது.

“போதும்” என்றார் இயக்குநர்.

“இன்னும் இருக்கிறது” என்றேன்.

“மத்மசேல், போதும்.”

இறுதி ஆட்டத்துக்கு வேறொருவர் வர்ணனை செய்தார். சில நாள் கழித்து அந்தப் பழைய ஆட்டக்காரர் திரையில் தோன்றி, யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துவதாக ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். அடுத்த பருவத்துக்கு அவர் வரமாட்டார் என்று அறிவித்தார்கள். என் ஒப்பந்தம் மாத முடிவோடு முடிந்தது. ‘பிரிவை மறுசீரமைக்கிறோம்’ என்றார்கள். மேலாளர் மட்டும், “என்னிடமாவது முன்பே சொல்லியிருக்கலாம்” என்றார். சொல்லியிருந்தால் தடுத்திருப்பார். ஸ்தேன் வீடு வேறு யாருக்கோ போனது. அப்பா அதை என்னிடம் ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு. எனக்கு வலித்தது. ஆனாலும் திரும்ப அதே இருக்கையில் உட்கார வைத்தால் அதே விசையைத்தான் அழுத்துவேன்.

என் கடைசி நாள் மாலை கட்டடத்தின் வாசலில் அந்த வர்ணனையாளர் நின்றார். தன் சாமான்களை எடுத்துப் போக வந்திருந்தார், காலடியில் ஓர் அட்டைப்பெட்டி. என்னைக் கண்டதும் சிகரெட்டைக் கீழே போட்டார்.

“ஒரு நிமிடம். நான் கெட்டவன் இல்லை, உங்களுக்குத் தெரியும். என் பல் வைத்தியரே வியட்நாம்காரி. என் பேரப்பிள்ளைகள் கராத்தே பழகுகிறார்கள்.”

நான் நின்றேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

“முப்பது வருடம் இதே வேலை. இப்படியா முடிய வேண்டும்? நீங்கள் படித்த பெண். எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. உங்களுக்கும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்கு அது போதும்.”

இரண்டு வருடம், அவர் பேசி நிறுத்திய கணத்தில் நான் பேசத் தொடங்கியிருக்கிறேன். அவருடைய ஒரு வாக்கியத்தைக்கூட நான் தனியே விட்டதில்லை. அன்று அவர் நிறுத்தினார், நான் வாயைத் திறக்கவில்லை. அவர் காத்திருந்தார். கண்ணில் கொஞ்சம் நீர்கூட வந்தது போலிருந்தது. உண்மையாகவே வருந்தியிருக்கலாம். அது எனக்குத் தேவைப்படவில்லை.

மழை பிடித்தது. அவர் அட்டைப்பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அவரிடம் குடை இல்லை. மெத்ரோ வாசல் வீதியின் மறுபக்கம்தான், இரண்டு பேர் ஒரே குடையில் தாராளமாகப் போகலாம். நான் என் குடையை விரித்துக்கொண்டு தனியே நடந்தேன்.